கழுவிய நீர் எங்கே போகிறது?

தூய்மையை விரும்பாத வீடு இல்லை. ‘கூழானாலும் குளித்துக் குடி; கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. கூழும் கந்தையும் மட்டுமே உள்ள வீட்டிலும் தூய்மை குடியிருக்கலாம். அதற்குச் செல்வம் வேண்டியதில்லை என்பது அப்பழமொழியின் உட்பொருள்.

இன்றோ நிலைமை வேறு. நம் வீட்டுச் சமையலறையையும் குளியலறையையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தரைக்கு ஒரு புட்டி, கண்ணாடிக்கு ஒரு புட்டி, கழிப்பறைக்கு ஒன்று, குழாயின் உப்புக்கறைக்கு ஒன்று, அடுப்பு மேடைக்கு ஒன்று, பாத்திரத்திற்கு ஒன்று, துணிக்கு இரண்டு என்று வரிசையாக நிற்கும். இவற்றுள் எத்தனை நமக்கு உண்மையாகவே தேவை? எத்தனை விளம்பரத்தால் வந்து சேர்ந்தவை? இந்தக் கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுத் தூய்மைக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதியை நாமே குறைந்த செலவில் செய்துகொள்ள முடியும். மீதியைத் தெரிந்து, அளந்து வாங்கினால் போதும்.

நேற்று வந்த பழக்கம்

புட்டிகளும் தூள்களும் இல்லாமல் வீட்டைத் தூய்மையாக வைத்திருக்க இயலாது என்று பலரும் நம்புகின்றனர். வரலாறு அப்படிக் கூறவில்லை. ‘சன்லைட்’ சோப்புக் கட்டிகள் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஆண்டு 1888. மும்பையின் சிவ்ரி பகுதியில் லீவர் நிறுவனத்தின் சோப்புத் தொழிற்சாலை 1934இல் இயங்கத் தொடங்கியது. ‘சர்ஃப்’ சலவைத்தூள் 1959இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்பவர் தம் வீட்டுக் கொல்லையில் சலவைத்தூளைக் கலந்து, மிதிவண்டியில் எடுத்துச்சென்று வீடுவீடாக விற்றார். அதுவே பின்னாளில் ‘நிர்மா’ என்னும் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஆக, சலவைத்தூள் நம் வீடுகளுக்குள் நுழைந்து முக்கால் நூற்றாண்டுகூட நிறையவில்லை.

அதற்கு முன்பு தமிழ்நாட்டு வீடுகள் அழுக்காகவா இருந்தன? பட்டுப்புடவைக்கும் பொன்நகைக்கும் பூந்திக்கொட்டை பயன்பட்டது. எண்ணெய்ப் பிசுக்கு நீங்கச் சீயக்காயும் அரப்பும் உதவின. பித்தளைக் குத்துவிளக்கையும் செப்புக் குடத்தையும் புளி துலக்கியது. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரம் தேய்த்தன. வெள்ளித் தட்டுக்கு ஒரு சிட்டிகைத் திருநீறு போதுமானதாக இருந்தது. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைக் கரைத்து, துணியை வெள்ளாவியில் வைத்து வெளுத்தனர். இவை யாவும் வெறும் நம்பிக்கைகள் அல்ல. சாம்பலிலும் உவர்மண்ணிலும் காரம் உண்டு. புளியில் அமிலம் உண்டு. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் ‘சபோனின்’ என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. நீங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கும் அமிலமும் காரமும் உங்கள் பாட்டியின் சமையலறையில் பெயர் சொல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன.

நுரையும் தூய்மையும்

நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாக நீங்கும் என்பது ஒரு தவறான எண்ணம். சோப்பின் மூலக்கூறுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை நீரைப் பற்றும். மறுமுனை எண்ணெயைப் பற்றும். எண்ணெய் அழுக்கைச் சூழ்ந்துகொண்டு, அதனை நீரோடு இழுத்துச் செல்வதே சோப்பின் பணி. நுரை என்பது நீர்ப்படலத்துள் அடைபட்ட காற்று. அது அழுக்கை அகற்றுவதில்லை. நுரையைக் கண்டால் நம் மனம் நிறைவடைகிறது, அவ்வளவே. அந்த மனநிறைவுக்காக ஒரு மூடி போதும் இடத்தில் மூன்று மூடி ஊற்றுகிறோம். பிறகு அந்த நுரையைப் போக்க மேலும் இரண்டு வாளி நீரைச் செலவிடுகிறோம்.

மும்பையில் இரண்டு வாளி நீர் எளிய பொருள் அன்று. இந்நகரத்தின் குடிநீர் பாத்சா, தான்சா, வைத்தரணா முதலிய தொலைதூர ஏரிகளிலிருந்து குழாய்களின் வழியே வருகிறது. தாராவியின் சந்துகளில் குறித்த நேரத்தில் மட்டுமே குழாயில் நீர் வரும். அதனைப் பீப்பாய்களிலும் குடங்களிலும் நிரப்பி நாள் முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீடுகளில் நுரையைக் குறைப்பது நீரைக் காப்பது; நீரைக் காப்பது ஒரு தாயின் முதுகுவலியைக் குறைப்பது.

கழிமுகம் அறியும் உண்மை

கழுவிய நீர் எங்கே போகிறது? தாராவியின் ஓரமாக ஓடும் மித்தி ஆற்றைப் பலரும் பெரிய சாக்கடை என்றே எண்ணுகின்றனர். விகார், பவாய் ஏரிகளின் மிகுநீரால் பிறந்து, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, மாகிம் கழிமுகத்தில் அரபிக்கடலைச் சேரும் ஆறு அது. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மும்பை மூழ்கியபோதுதான், மித்தி ஓர் ஆறு என்பது பலருடைய நினைவுக்கு வந்தது. தாராவியின் முதற்குடிகளான கோலி மீனவர்கள் இந்தக் கழிமுகத்தில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள். நீர் கெட்டது, மீன் குறைந்தது, அவர்களுடைய தொழிலும் கைநழுவிப் போயிற்று.

மும்பையின் கிழக்குக் கரையிலும் இதே கதைதான். சிவ்ரி, மாகுல் சேற்றுநிலங்களுக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் வருகின்றன. அவ்வழகிய இளஞ்சிவப்புப் பறவைகள் உண்பது அந்தச் சேற்றிலும் நீரிலும் உள்ள பாசியையும் சிற்றுயிர்களையுமே. செம்பூரிலிருந்து நெடுந்தொலைவு செல்லாமலே அவற்றைக் காணலாம். தாணே கழிமுகத்தில் பூநாரைகளுக்கென 2015இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022இல் அது உலகளாவிய ‘ராம்சார்’ ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு காட்சி நடந்தது. 2019 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மெரினாக் கடற்கரையில் வெண்பனி போன்ற நுரை குவிந்தது. குழந்தைகள் அதில் இறங்கி விளையாடினர். பெரியவர்கள் படம் எடுத்தனர். அது பனியன்று, மழைநீரோடு கடலுக்கு வந்த கழிவுநீரின் நுரை. சில சலவைத்தூள்களில் உள்ள பாஸ்பேட் நீர்நிலையில் சேர்ந்தால் பாசி அளவின்றி வளரும். அப்பாசி அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மித்தியைக் கெடுத்தது நம் வீட்டுப் புட்டி மட்டும் அன்று. தூய்மைசெய்யப்படாமல் விடப்படும் கழிவுநீரும் தொழிற்கூடங்களின் கழிவும் அதற்குப் பெருங்காரணங்கள். நாம் பூந்திக்கொட்டைக்கு மாறிவிட்டால் நாளையே மித்தி தெளிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தன் வீட்டு நீர் எங்கே போகிறது என்று அறிந்தவனே ஊர்க் கழிவுநீர் எங்கே போகிறது என்று மாநகராட்சியைக் கேட்பான். முதற்கேள்வி வீட்டில் பிறக்க வேண்டும்.

நாமே செய்யத்தக்கவை

வீட்டில் செய்யத்தக்கவற்றுள் மூன்றை மட்டும் இங்குக் கூறுகிறேன். மூன்றும் எளியவை.

முதலாவது, பூந்திக்கொட்டைக் கரைசல். மாட்டுங்காச் சந்தையிலும் தாராவியின் தொண்ணூறடிச் சாலைத் தமிழ்க் கடைகளிலும் பூந்திக்கொட்டை என்று கேளுங்கள். மராத்தியர் கடையில் ‘ரிட்டா’ என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை உடைத்து, உள்ளிருக்கும் கரிய விதையை நீக்கிவிட்டு, தோலை மட்டும் ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் பெரியவர் ஒருவரின் துணையோடு கால்மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் பிசைந்து வடிகட்ட வேண்டும். இக்கரைசல் பட்டு, கம்பளி முதலிய மென்மையான துணிகளுக்கும், நகைக்கும், நாள்தோறும் கழுவும் பாத்திரத்திற்கும் ஏற்றது. இதில் பதப்படுத்தும் பொருள் இல்லாமையால், குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். கண்ணில் பட்டால் எரியும்; எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, பழத்தோல் கரைசல். எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு ஆகியவற்றின் தோலை எறிந்துவிடாதீர்கள். நூறு கிராம் வெல்லம், முந்நூறு கிராம் பழத்தோல், ஒரு லிட்டர் நீர் என்னும் அளவில் இரண்டு லிட்டர் நெகிழிப் புட்டியில் இட்டு மூட வேண்டும். ஒன்று, மூன்று, பத்து என்னும் இவ்விகிதத்தைத் தாய்லாந்து நாட்டின் ரோசுகோன் பூம்பன்வோங் என்னும் அம்மையார் பரப்பினார். புட்டியில் மூன்றில் ஒரு பங்கேனும் வெற்றிடம் இருக்கட்டும். முதல் மாதத்தில் வளி உண்டாகும். எனவே நாள்தோறும் மூடியைச் சற்றே திறந்து மூட வேண்டும். கண்ணாடிப் புட்டியில் செய்தால் வெடிக்கக்கூடும். மூன்று மாதம் கழித்து வடிகட்டினால், புளிப்பு மணம் வீசும் பழுப்புநிற நீர் கிடைக்கும். ஒரு வாளி நீரில் சிறிதளவு கலந்து தரையைத் துடைக்கலாம். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு மலையாக உயர்ந்திருக்கும் இடம் செம்பூரை அடுத்த தேவ்னார். நம் வீட்டுப் பழத்தோல் அத்தகைய குப்பைமேட்டுக்குச் செல்லாமல் நின்றுவிடுகிறது.

மூன்றாவது, புளியும் எலுமிச்சையும். ஒருமுறை கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையில் சிறிது கல்லுப்புச் சேர்த்துத் தேய்த்தால் பித்தளையும் செம்பும் ஒளிவிடும். குழாயில் படிந்த வெண்ணிற உப்புக்கறை பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவம். எலுமிச்சைச் சாறு அதனைக் கரைக்கும். ஆனால் சலவைக்கல் தரையிலும், மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் உள்ள மொசைக் தரையிலும் எலுமிச்சையோ வினிகரோ படக்கூடாது. அக்கற்களிலும் சுண்ணாம்பே உள்ளது. கறையைத் தின்னும் அமிலம் தரையையும் தின்றுவிடும்.

‘இயற்கை’ என்னும் சொல்லால் மயங்கலாமா?

கடைப்பொருள் யாவும் நஞ்சு, வீட்டுப்பொருள் யாவும் அமுதம் என்று முடிவுகட்டுவது அறிவுடைமை ஆகாது. நான் புகழ்ந்த பூந்திக்கொட்டையே மீனுக்கு நஞ்சு. அதன் சாற்றை நீரில் கலந்து மீனை மயங்கச் செய்து பிடிக்கும் வழக்கமும் உண்டு. எளிதில் சிதைந்து மறைவது அதன் சிறப்பு. ஆயினும் அளவாகவே பயன்படுத்த வேண்டும். இயற்கையாக இருப்பதனாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது.

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் வலிமை மிகுந்த துப்புரவு நீர் கிடைக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் சேர்ந்தவுடன் பொங்கி எழும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும் என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். கரியமில வளி வெளியேறிய பின் எஞ்சுவது ஓர் உப்புக்கரைசலே. இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்தினால் பயன் உண்டு. கலந்து புட்டியில் அடைத்தால் பயன் இல்லை.

மற்றொரு கலவை உயிருக்கே கேடு விளைவிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ, வினிகரையோ, எலுமிச்சைச் சாற்றையோ, பழத்தோல் கரைசலையோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது. குளோரின் என்னும் நச்சுவளி எழுந்து நுரையீரலைத் தாக்கும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அது பேரிடர் ஆகும். கலக்காமல் இருப்பதும் ஒரு செய்முறைதான்.

நோய்க்காலத்தின் நிலை வேறு. பழத்தோல் கரைசல் அழுக்கை நீக்கும். கிருமியைக் கொல்லும் என்று அதனை நம்பியிருக்க முடியாது. வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரை உரிய அளவில் பயன்படுத்துவதே முறை. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று தாராவியைச் சூழ்ந்தபோது, சோப்பிட்டுக் கைகழுவுதல் உயிர்காக்கும் பழக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதனை உடைத்துவிடும். ஆகவே சோப்பு நமக்குப் பகையன்று. அளவற்ற பயன்பாடும், தேவையற்ற வாங்குதலுமே நமக்குப் பகை.

யாருடைய கை?

வீட்டிலேயே செய்துகொள்வோம் என்று சொல்வது எளிது. யார் செய்வது? கொட்டையை ஊறவைப்பதும், கொதிக்கவைப்பதும், வடிகட்டுவதும், புட்டியை நாள்தோறும் திறந்து மூடுவதும் அம்மாவின் வேலைப் பட்டியலில் மேலும் நான்காகச் சேருமானால், அந்தச் சிக்கனத்தை நான் ஏற்கமாட்டேன். பணத்தை மிச்சப்படுத்தி ஒருவருடைய உறக்கத்தைச் செலவிடுவது சிக்கனம் ஆகாது. பழத்தோல் புட்டி பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். பூந்திக்கொட்டை உடைப்பது அப்பாவின் பொறுப்பாகட்டும். அனைவரும் சேர்ந்து செய்தால் வாரத்தில் அரைமணி நேரம்கூடத் தேவைப்படாது.

நம் வீட்டுக்கு வெளியேயும் கைகள் உண்டு. தாராவியிலிருந்து நம் தமிழ்ப் பெண்கள் பலர் நாள்தோறும் மாட்டுங்கா, சயான், மாகிம் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளுக்குத் துப்புரவுப் பணிக்குச் செல்கின்றனர். கடும் ஆசிட்டை வெறுங்கையால் ஊற்றித் தேய்ப்பவர்கள் அவர்கள். ஒரே நாளில் நான்கு வீட்டுத் தரை. நான்கு வீட்டுப் பாத்திரம். புட்டியில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையை வாங்கியவர் படிப்பதில்லை. பயன்படுத்துபவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. விரலிடுக்கில் புண்ணும் தோலில் எரிச்சலும் அவர்களுக்கே. உங்கள் வீட்டுக்கு ஓர் அக்காவோ அத்தையோ பணிக்கு வந்தால், அவர்கள் கையில் எதைத் தருகிறோம் என்று பாருங்கள். கடும் ஆசிட்டை வாங்காமலே இருக்கலாம். வாங்கியே தீர வேண்டுமானால் கையுறையும் உடன் வாங்க வேண்டும். உங்கள் அம்மாவே அப்பணிக்குச் செல்பவராக இருந்தால், புட்டியின் மேலுள்ள எழுத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி அது.

முடிவாக

பூந்திக்கொட்டை, அரப்பு, உவர்மண், வெள்ளாவி ஆகிய சொற்களுள் எத்தனை உங்களுக்கு முன்பே தெரியும்? ஒரு பொருள் வீட்டைவிட்டுப் போகும்போது அதன் பெயரும் நாவைவிட்டுப் போய்விடுகிறது. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அவ்விழப்பு இருமடங்கு. பொருளை மீண்டும் கையிலெடுத்தால் சொல்லும் உடன் வரும்.

எல்லாப் புட்டிகளையும் ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவ்வாறு எறிந்தால் அவையும் குப்பைமேட்டுக்கே போகும். இருப்பது தீரட்டும். தீர்ந்தபின் ஒன்றை மட்டும் மீண்டும் வாங்காமல் விட்டுவிட்டு, அதற்கு மாற்றாக ஒன்றை நாமே செய்து பார்ப்போம். அது பயன்பட்டால் அடுத்ததற்குச் செல்வோம். பயன்படாவிட்டால் ஏன் என்று ஆராய்வோம். தூய்மை என்பது நம் தரை பளபளப்பதோடு முடிந்துவிடுவதில்லை. துடைத்த கை புண்ணாகாமலும், வாங்கிய பை வறளாமலும், கழுவிய நீர் சென்று சேரும் இடத்தில் ஒரு மீன் உயிரோடும் இருக்க வேண்டும். அதுவரை நீள்வதே முழுமையான தூய்மை.

சிந்தித்து எழுதுக

1. உங்கள் வீட்டிலுள்ள துப்புரவுப் பொருள்களைப் பட்டியலிடுக. அவற்றுள் இன்றியமையாதவை எவை? காரணத்துடன் எழுதுக.

2. வீட்டிலேயே செய்வது நேரத்தை வீணாக்கும் என்று உங்கள் நண்பர் கூறுகிறார். அவருக்கு மறுமொழியாகவோ, அவர் கருத்தை ஆதரித்தோ பத்து வரிகள் எழுதுக.

3. ஊரில் முன்பு துணியும் பாத்திரமும் எவ்வாறு தூய்மை செய்யப்பட்டன என்பதை உங்கள் பாட்டி, தாத்தாவிடம் கேட்டு அறிந்து, அவர்கள் கூறும் சொற்களைக் குறித்துக்கொண்டு வருக.